எந்த முப்பது நாள்

புதன்கிழமை வந்தால் தெரிந்துவிடும். அதுவரைக்கும் தேவகிக்குச் சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது, ஏனாத்தூரிலிருந்து வருகிற டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரத் தோன்றாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே உதட்டுக்குள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு வருவாள். வாய்ப்பாடு தெரியாமலா? நன்றாகத் தெரியும். வாய் சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கிறது, அதற்காகத்தான்.

விஷயம் இதுதான். காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருக்களுக்கு நடுவே இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளியில் தேவகி தற்காலிக டீச்சர். ஆடி முடிந்த கையோடு வந்து சேர்ந்தாள். நான்காம் வகுப்புக்கு இருந்த டீச்சர் பிரசவத்துக்குப் போனவர், இனி வரப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் தேவகியையே வைத்துக்கொள்வதா, வேறு ஆள் பார்ப்பதா என்பது தலைமையாசிரியை வடிவாம்பாளின் கையில் இருந்தது.

"புதன்கிழமை உன் கிளாஸ்ல வந்து உக்கார்றேன்மா," என்று சொல்லிவிட்டார் அவர். "பெருக்கல் வாழ்க்கைக் கணக்கு நடத்து. பசங்க எப்படிப் போடுதுன்னு பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்."

வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டால்? தேவகி திரும்பிப் போக இருந்தது ஒரே இடம்தான். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், இரண்டு வருடம் ஒரு பட்டுக்கடை வாசலில் நின்றவள் அவள். உள்ளே வருகிறவர்களைப் பார்த்துக் கை கூப்பி, "வாங்க, வாங்க" என்று சிரிக்க வேண்டும். வேறு வேலை கிடையாது. டூரிஸ்ட் பஸ் வந்து நின்றால் ஒரே நேரத்தில் ஐம்பது பேருக்குச் சிரிக்க வேண்டும். வாங்காமல் போகிறவர்களுக்கும் அதே சிரிப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கன்னம் இரண்டும் வலிக்கும். புருஷன் வெங்கடேசன் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டினால் அவனைப் பார்த்தும் கை தானாகக் கூம்பப் பார்க்கும். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவளுக்கு அழுகை வரும். கடைக்காரர் இன்னமும் போன் பண்ணி, எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுபடி அந்த வாசலா? செத்தாலும் மாட்டேன் என்று தேவகி தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வடிவாம்பாளுக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. டீச்சர் கணக்கை வாயால் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மனசுக்குள் போட்டு, விடையை மட்டும் சிலேட்டில் எழுத வேண்டும். "தூக்கு" என்றதும் எல்லாச் சிலேட்டும் ஒன்றாக மேலே போக வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே விடை இருந்தால் அம்மாளின் முகம் மலர்ந்துவிடும். இதையெல்லாம் தேவகியின் காதில் போட்டவர் மூன்றாம் வகுப்பு கமலாட்சி டீச்சர். "இன்னொண்ணும் கேட்டுக்கோமா. புஸ்தகத்துல இருக்கற ஆரஞ்சு, ஆப்பிளையே புடிச்சிக்கினு தொங்காத. நம்ம ஊரு பசங்களுக்கு ஏத்த மாதிரி கேளு. மேடத்துக்கு அதுதான் புடிக்கும்."

ஊருக்கு ஏற்ற மாதிரி என்றால் கஷ்டமா என்ன? ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டே தேவகி கணக்குகளைத் தயார் பண்ணினாள். இட்லியில் ஒன்று, கோயில் விளக்கில் ஒன்று, தறியில் ஒன்று. தறிக் கணக்கு அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. மேடம் இதைக் கேட்டால் அசந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, ஏற்கெனவே அலசிய சட்டையை இன்னொரு தடவை அலசினாள்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை. வானம் மூடிக்கொண்டு ஒரே புழுக்கம். மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. தேவகி மேசைக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டே கணக்கைச் சொன்னாள்.

"நல்லா கேளுங்க. ஒரு நெசவாளர் ஒரு நாளைக்கு ரெண்டு முழம் நெய்யறாரு. முப்பது நாள்ல எத்தனை முழம் நெய்வாரு?"

ஜன்னலோர வரிசையில் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தையல்நாயகி. வகுப்பில் முதலில் எழுதி முடிக்கிறவள் அவள்தான். எழுதி முடித்த கையோடு வாயும் திறந்துவிடும். பெட்டிக்குப் பன்னிரண்டு ஆரஞ்சு என்றால், "அழுவிப்போனதையும் எண்ணணுமா மிஸ்?" என்பாள். பஸ்ஸுக்கு நாற்பது பேர் என்றால், "நிக்கறவங்கள விட்டுட்டியே மிஸ்," என்பாள். மற்ற நாளாக இருந்தால் தேவகி சிரித்துவிடுவாள்.

"மிஸ், எந்த முப்பது நாள்?"

"எந்த முப்பது நாளா இருந்தா உனக்கு இன்னாடி? முப்பதுன்னா முப்பதுதான். கேள்வி கேட்டுக்கினு இருக்காம கணக்கப் போடு."

பெண் கையை இறக்கினாள். ஒரு நொடி கூரையைப் பார்த்தாள். எழுதிவிட்டுச் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"தூக்கு!"

சிலேட்டுகள் எழுந்தன. சுவரோர வரிசைகளில் அறுபது, அறுபது, அறுபது. நடுவே ஓர் ஐம்பதும் ஒரு முப்பத்திரண்டும். அது சகஜம், பெருக்கத் தெரியாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் உண்டு. ஜன்னலோர வரிசைக்குக் கண் போனதும்தான் தேவகியின் நடை நின்றது. ஐம்பத்தெட்டு. அதற்குப் பின்னால் ஐம்பத்தெட்டு. அதற்கும் பின்னால் ஐம்பத்தெட்டு. கடைசி பெஞ்ச் வரைக்கும் ஐம்பத்தெட்டு.

தப்பான விடை எந்தப் பிள்ளைக்கும் வரலாம். ஒரே தப்பு ஒரு வரிசை முழுக்க வந்தால் அதற்கு என்ன பெயர்? அந்த வரிசைக்காரர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருப் பிள்ளைகள். சித்தப்பா மகன், பெரியப்பா மகள் என்று ஒருவருக்கொருவர் உறவு. ஒன்றாக வந்து, ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். தையல்நாயகி எழுதியதைப் பார்த்து அப்படியே பின்னால் வரைக்கும் இறக்கிவிட்டார்கள் என்று தேவகி ஒரே நொடியில் முடிவு கட்டினாள்.

"யாரப் பாத்து எழுதினீங்க?"

கேள்வியே புரியாததைப் போல விழித்தார்கள். அந்த விழி அவளுக்குத் திருட்டு விழியாகத் தெரிந்தது.

மூக்குக்கு மேல் வந்த கோபத்தோடு வரிசைகளைக் கலைத்தாள். ஜன்னலோரப் பிள்ளை ஒன்று, சுவரோரப் பிள்ளை ஒன்று என்று மாற்றி மாற்றி உட்காரவைத்தாள். தையல்நாயகிக்குப் பக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரர் தேவசகாயத்தின் மகன் ஜோசுவா வந்து உட்கார்ந்தான். சாதுவான பையன், நிதானமாக எழுதுவான். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அதே கணக்கை எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டாள். நாளைக்கு மூன்று முழம், முப்பது நாள்.

"தூக்கு!"

தொண்ணூறு, எண்பத்தேழு, தொண்ணூறு, எண்பத்தேழு. ஜன்னலோர வரிசையிலிருந்து பிரித்துப் போட்ட பிள்ளைகள் வகுப்பின் எல்லா மூலையிலிருந்தும் எண்பத்தேழைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யாரைப் பார்த்து எழுத முடியும்? அட, எண்பத்தேழு எப்படி வந்தது என்று ஒரு பிள்ளையைக் கேட்டிருந்தாலும் போதும். ஆனால் புதன்கிழமையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு நிற்க ஏது நேரம்? சைகை காட்டுகிறார்கள் என்று தோன்றியது அவளுக்கு. அந்தச் சமயம் பார்த்துத் தையல்நாயகி மூக்கைச் சொறிந்தாள். போயிற்று.

"எழுந்திருடி. யாரு சொன்னது எம்பத்தேழுன்னு?"

"யாரும் சொல்லல மிஸ். அது அப்படித்தான் வரும்."

"அப்படித்தான் வருமா? எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா?"

"இல்ல மிஸ், அது வந்து..."

"வாய மூடு. காப்பி அடிக்கறதும் இல்லாம எதிர்த்துப் பேச்சு வேற. நாளைக்கு உங்கப்பாவ இட்டுக்கினு வா. அவரு வராம கிளாசுக்குள்ள காலெடுத்து வைக்காத."

தையல்நாயகி உட்கார்ந்தாள். தேவகியின் கையில் இருந்த சாக்பீஸ் உடைந்து இரண்டாகிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. புதன்கிழமை இதே கூத்து நடந்தால் மேடம் என்ன சொல்வார்? இவ்வளவு சின்னப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டாரா?

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நடந்தபோது ஏதோ காது அடைத்த மாதிரி இருந்தது. டீக்கடையில் கூட்டம் அதிகம். ஆண்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தேவகி இதையெல்லாம் பார்த்தாள், மனசில் வாங்கவில்லை. தறிக் கணக்கை எடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்ற யோசனையிலேயே பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

வகுப்பு வாசலில் தையல்நாயகியின் அப்பா மயில்வாகனம் காத்துக்கொண்டிருந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் பெண். முகம் வீங்கியிருந்தது. கொஞ்சம் தள்ளி, குழாயடியில் பிள்ளைகள் காலைச் சிற்றுண்டித் தட்டைக் கழுவிக்கொண்டிருக்க, வடிவாம்பாள் இடுப்பில் கை வைத்து அதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் மிஸ். இவ அப்பா நானு. பொண்ணு காப்பி அடிச்சிட்டாளாமே." மயில்வாகனத்துக்குக் குரல் எழும்பவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது மனுஷனை. "எங்க வீட்ல இந்தப் பழக்கமே கிடையாது மிஸ். எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டுச்சு. நேத்து வீட்ல ரெண்டு வச்சேன். மொதல்ல நான் பண்ணலன்னே சொல்லிக்கினு இருந்தா. பொய் வேற பேசறியான்னு இன்னும் ரெண்டு வச்சேன். அப்புறம் ஒத்துக்கினா." பெண்ணின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "சொல்லும்மா. மிஸ்கிட்ட சொல்லு."

"நான் பாத்துதான் எழுதினேன் மிஸ். தப்பு மிஸ். இனிமே எழுத மாட்டேன் மிஸ்."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் சொன்னாள். தேவகிக்கு ஒரு நொடி திருப்தியாகத்தான் இருந்தது. தான் நினைத்தது சரியாகிவிட்டதே. அந்தத் திருப்தியில் கொஞ்சம் பெருந்தன்மையும் வந்தது.

"பரவாயில்லைங்க. வேலை நேரத்துல உங்கள வேற வரவச்சிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ். இன்னிக்கு அமாவாசையாச்சே. அமாவாசைக்குத் தறியில உக்கார மாட்டோம். மாசத்துல இந்த ஒரு நாளு எங்க தெரு முழுக்கத் தறி நிக்கும். நேத்து கூப்ட்டிருந்தாதான் கஷ்டம்."

தேவகியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

மாசத்தில் ஒரு நாள். முப்பதில் ஒன்று போனால் இருபத்தொன்பது. இருபத்தொன்பதை இரண்டால் பெருக்கினால் ஐம்பத்தெட்டு. மூன்றால் பெருக்கினால் எண்பத்தேழு. எந்த முப்பது நாள் மிஸ் என்று அந்தப் பெண் கேட்டாளே! தறி ஓடுகிற முப்பதா, அமாவாசையும் சேர்ந்த முப்பதா என்றுதானே கேட்டாள்? பிறந்ததிலிருந்து அமாவாசையன்று தறிச் சத்தம் கேட்டறியாத பிள்ளைகள், நெசவாளர் என்றதும் யாரும் சொல்லாமலே ஒரு நாளைக் கழித்திருக்கிறார்கள். இதில் யாரைப் பார்த்து யார் எழுத வேண்டியிருக்கிறது?

தேவகிக்கு இது தெரியாத சங்கதியும் இல்லை. பட்டுக்கடையில் இருந்தபோது, 'நாளைக்கு அமாவாசை, சரக்கு வராது' என்று மாதா மாதம் காதில் விழுந்துகொண்டிருந்ததுதான். கணக்கு என்று வந்ததும் அது அவள் புத்தியில் இல்லாமல் போயிற்று.

"என்ன தேவகி, காலையிலயே பஞ்சாயத்து?" வடிவாம்பாள் குழாயடியை விட்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம். மேடம், நான் கேட்ட கணக்கு தப்பு, நான் இந்தப் பெண்ணைக் காப்பி அடித்தாள் என்றேன், அதைக் கேட்டு இவர் அடித்திருக்கிறார். ஆனால் நாளைக்குத்தானே புதன்கிழமை? ஊர்க் கணக்கு கேட்கிறேன் பேர்வழி என்று ஊரே தெரியாமல் கணக்கு போட்டவள் என்று நாளைக்கு முன்னால் இன்றைக்கே வேலை போய்விடாதா?

"ஒண்ணும் இல்ல மேடம். சின்ன விஷயம்தான். சரியாயிடுச்சு." மயில்வாகனத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க போங்க. இனிமே அவ பண்ண மாட்டா."

இனிமே பண்ண மாட்டா! அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை தேவகியால் நம்ப முடியவில்லை. தையல்நாயகி ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஜோசுவாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு முழுவதும் தேவகி ஓர் இடத்தில் நிற்கவில்லை. வகுப்பில் பெரிய குரலில் அறிவித்தாள். "எல்லாரும் கேளுங்க. கணக்குல அமாவாசை கிடையாது. முப்பது நாள்னா முப்பது நாளும் தறி ஓடும். தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, ஜுரம் கிடையாது. கணக்குல வர்ற நெசவாளருக்கு லீவே கிடையாது. புரியுதா?"

"பாவம் மிஸ் அவரு," என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகப் போயிற்று. அடுத்த தடவை எல்லாச் சிலேட்டிலும் அறுபது வந்தது. தையல்நாயகி சிரிக்கவில்லை. சிலேட்டை எல்லாருக்கும் கடைசியில் தூக்கினாள். அதில் இருந்ததும் அறுபதுதான். சரியான விடைதானே, அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்று தேவகி அடுத்த கணக்குக்குப் போனாள்.

இடைவேளையில் தையல்நாயகியைக் கூப்பிட்டு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தாள். "தேங்க்ஸ் மிஸ்," என்று வாங்கிக்கொண்டு போனவள் அதைச் சாப்பிடாமல் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள். மிட்டாயைக் கொடுத்த பிறகு தேவகிக்கு இன்னும் கேவலமாக இருந்தது. சாயங்காலம் வெங்கடேசனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"விடும்மா," என்றான் அவன். "நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும். அப்புறமா அந்தப் பொண்ணுகிட்ட நல்லதா நாலு வார்த்தை பேசிக்கலாம்."

அதுவும் சரிதான் என்று பட்டது. புதன்கிழமை முடியட்டும். வேலை நிலைத்துவிட்டால் அந்தப் பெண்ணை வருஷம் முழுக்க எப்படி வேண்டுமானாலும் கொண்டாடிக்கொள்ளலாமே. இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டே சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு போட்டாள்.

புதன்கிழமை வடிவாம்பாள் வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தெருவெல்லாம் தறிச் சத்தம் மறுபடி நிறைந்திருந்தது. தேவகி இட்லிக் கணக்கைக் கேட்டாள், விளக்குக் கணக்கைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சிலேட்டுகள் படபடவென்று ஏறின, எல்லாவற்றிலும் ஒரே விடை. தறிக் கணக்கையும் கேட்டாள். அறுபது, அறுபது, அறுபது. கமலாட்சி டீச்சர் சொன்ன அந்த மலர்ச்சி மேடத்தின் முகத்தில் வந்தேவிட்டது. தேவகிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நல்லா பண்ணுதுங்க," என்று எழுந்தார் வடிவாம்பாள். "நான் ஒண்ணு கேக்கட்டுமா பசங்களா? ஒரு ஷேர் ஆட்டோல ஏழு பேரு இருக்காங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இந்த மாதிரி ஒம்பது ஆட்டோ கிளம்புது. மொத்தம் எத்தனை பேரு?"

ஜோசுவாவின் கை உயர்ந்தது. "மேடம், டிரைவரையும் சேத்தா?"

வடிவாம்பாள் வாய்விட்டுச் சிரித்தார். "ஆட்டோக்காரர் புள்ள இல்ல நீ? நல்ல கேள்விடா. டிரைவர் வேணாம். ஏறுனவங்கள மட்டும் எண்ணு."

அவ்வளவுதான். ஒரு பிள்ளை கேட்டது, பெரியவர் பதில் சொன்னார், கணக்கு மேலே போயிற்று. தேவகி கரும்பலகையில் சாய்ந்துகொண்டாள். எந்த முப்பது நாள் என்று கேட்டவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"தூக்கு!" என்றார் வடிவாம்பாள்.

சிலேட்டுகள் ஏறின. இரண்டு மட்டும் ஏறவில்லை. ஒன்று ஜோசுவாவுடையது. அவன் இன்னும் விரல் மடக்கிக்கொண்டிருந்தான். இன்னொன்று அவனுக்குப் பக்கத்தில். வடிவாம்பாள் நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். தையல்நாயகியின் சிலேட்டில் ஒன்றுமே இல்லை.

"நீ ஏம்மா எழுதல? வரலையா?"

"ஜோசுவா இன்னும் எழுதல மேடம்."

"அவன் எழுதலன்னா உனக்கு இன்னா?"

"அவனப் பாத்துதான எழுதணும் மேடம். நானா போட்டா தப்பாதான வருது."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. ஏன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாய் என்று கேட்டால் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பின் பெஞ்சில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

வடிவாம்பாள் திரும்பினார். "என்ன தேவகி இது?"

ஒரு வார்த்தை போதும். அது கொஞ்சம் மக்கு மேடம், சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றால் முடிந்தது. இவ்வளவு நல்ல வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கியிருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்வதற்காகவே தேவகி வாயைத் திறந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி, மூச்சுக்கு முந்நூறு கேள்வி கேட்டவள், காலிச் சிலேட்டை வைத்துக்கொண்டு பக்கத்துப் பையனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே அவளை மக்கு என்று சொல்ல தேவகிக்கு வாய் வரவில்லை.

"அவ பாத்து எழுதறவ இல்ல மேடம்," என்றாள். "ஒரு நாளும் எழுதினதில்ல. நான்தான் அப்படிச் சொல்லிட்டேன்."

பிறகு எல்லாம் தானாக வந்தது. முழக் கணக்கு, ஐம்பத்தெட்டு, இடம் மாற்றி உட்காரவைத்தது, அப்பாவை வரச் சொன்னது, அவர் அடித்தது. "அமாவாசைய கழிச்சிதான் எழுதியிருக்காங்கன்னு நேத்து காலையிலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சு மேடம். நீங்க பக்கத்துல இருந்தீங்க. வேலை போயிடும்னு பயந்துக்கினு சொல்லாம விட்டுட்டேன். பண்ணாத தப்ப அவ ஒத்துக்கினா. நானும் கேட்டுக்கினு நின்னேன்." பிள்ளைகளுக்கு முன்னால் டீச்சர் அழக்கூடாது என்பார்கள். அழுதாள்.

எதிர்வீட்டுத் தறி அடித்துக்கொண்டிருந்தது. வடிவாம்பாளின் முகத்தில் இருந்த மலர்ச்சி எப்போதோ போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் தேவகியையும், கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையும் பார்த்தார்.

"நீ இங்க இருக்கறதா வேணாமான்றத அப்புறம் பேசிக்கலாம்," என்றார். "மொதல்ல அந்தப் புள்ளைய எழுத வை." கடைசி பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக முகம். பெண்ணின் காதோரம் இன்னும் லேசாகக் கன்றியிருந்தது.

"தையல், மிஸ் பண்ணது தப்புமா. நீ அன்னிக்கு எழுதினது சரி. அமாவாசைல தறி ஓடாது, ஐம்பத்தெட்டுதான் வரும். நீ யாரையும் பாத்து எழுதல. உங்கப்பாகிட்டயும் நானே வந்து சொல்றேன்."

பெண் தலையாட்டினாள்.

"இப்ப இத நீயே போடு. ஜோசுவாவப் பாக்க வேணாம். ஏழு பேரு, ஒம்பது ஆட்டோ. உனக்குத் தெரியும்."

தையல்நாயகி பல்பத்தை எடுத்தாள். சிலேட்டின் மேல் அதன் முனையை வைத்தாள். உதடு அசைந்தது. அறுபத்து மூன்று என்று அந்த உதட்டில் உருவானதை தேவகி தெளிவாகப் பார்த்தாள். விடை வந்துவிட்டது, எழுத வேண்டியதுதான் பாக்கி. கை நகரவில்லை. பெண் சிலேட்டை விட்டுக் கண்ணை எடுத்து, தேவகியின் முகத்தில் எதையோ தேடினாள்.

"எவ்ளோன்னு நீங்களே சொல்லுங்க மிஸ்," என்றாள். "அதையே எழுதிக்கிறேன்."